கொடிப்பூ பார்க்க எந்த மாதம், எந்த நேரம்? (படம் எடுப்பவர்களும் வாருங்கள்)

பந்தல்நிழல் (கோவை)

ஊட்டியின் மே மாத மலர்க் கண்காட்சிப் படங்கள் எல்லோர் கைபேசியிலும் இருக்கின்றன. படிப்படியாக அடுக்கிய தொட்டிகள், பேன்சி, சால்வியா, சாமந்தி, கார்னேஷன் பூவால் செய்த கோபுரம். அழகுதான். ஆனால் அதே பூங்காவின் வேலியிலும் வளைவிலும் படர்ந்து கிடக்கும் கொடிகளுக்கு முன்னால் நிற்கிறவர்கள் மிகவும் குறைவு. அவற்றுக்காகத்தான் இந்த இழை.

என் கட்சி இது: கொடிப்பூவைப் பொறுத்தவரை எந்த ஊர் என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் பெரிது. ரங்கூன் மல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவையில் பழைய வீடுகளின் மதில் மேல் இல்லாத தெரு கிடையாது. மொட்டு சாயங்காலம் விரிகிறது, அப்போது வெள்ளை. மறுநாள் இளஞ்சிவப்பு, அதற்கும் மறுநாள் நல்ல சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நாள் பூவும் சேர்ந்து நிற்பதால் மூன்று நிறமும் தெரியும். இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால், அன்றைக்கு விரிந்த வெள்ளைப் பூ பக்கவாட்டில் நிமிர்ந்து பார்க்கும். சிவந்த பூ தலை கவிழ்ந்து தொங்கும். காம்பு மாதிரித் தெரிகிற அந்த நீளமான பகுதி காம்பு அல்ல, உள்ளே பொள்ளலான குழல். தேன் அதன் அடியில் இருக்கிறது. இரவில் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய அந்துப்பூச்சிகள் வெள்ளைப் பூவைத் தேடி வரும், பகலில் தேனீயும் தேன்சிட்டும் வரும்.

பகல் 11 மணிக்குப் போய் நின்றால் இதில் பாதி கிடைக்காது. வாசனையும் இராது. சூரியன் இறங்கியபின் போனால் வாசனையே இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் ஊரில் என்ன கொடி, எப்போது பூக்கிறது, எந்த வெளிச்சத்தில் எடுக்கிறீர்கள்? எழுதுங்கள்.

மலைப்பாதை (குன்னூர்)

அக்கா, நல்ல இழை. கண்காட்சி பற்றி மட்டும் மலைக்காரனாக ஒரு வார்த்தை. ஊட்டி தாவரவியல் பூங்கா 1848இல் தொடங்கியது. லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த தோட்டக்கலைஞர் மெக்ஐவர் அமைத்தது, சுமார் 55 ஏக்கர். மே மாதக் கண்காட்சிக்கு அங்கே மாதக்கணக்கில் நாற்று வளர்க்கிறார்கள். விதைப்பதும், தொட்டி மாற்றுவதும், எந்த நாளில் பூக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தண்ணீர் விடுவதும் பெரிய வேலை. அந்தப் பணியாளர்களின் கைத்திறனைப் பார்க்கத்தான் நான் ஆண்டுதோறும் போகிறேன். தொட்டிப்பூவைக் குறைவாக எண்ண வேண்டாம்.

ஆனால் கூட்டம் பிடிக்காதவர்களுக்கு இரண்டாம் சீசன் இருக்கிறது, செப்டம்பர், அக்டோபர். அதற்கும் தனியாகத் தொட்டிகள் தயாராகும். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து வடகிழக்கு பிடிப்பதற்கு முன் கிடைக்கும் அந்த இடைவெளியில், மேகம் மூடிய வெளிச்சம் பூவுக்கு அவ்வளவு இதமாக இருக்கும்.

ரோஜாப் பூங்கா (1995இல் மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டை ஒட்டி அமைத்தது) போகிறவர்கள் கொடி ரோஜாவின் முள்ளைப் பாருங்கள். ரோஜாவுக்குச் சுற்றவும் தெரியாது, பற்றிக்கொள்ளும் சுருளும் கிடையாது. முள் பின்பக்கமாக வளைந்திருக்கும். பக்கத்துக் கிளையில் மாட்டிக்கொண்டு மேலே போகும். வளைவில் ஏற்ற வேண்டுமென்றால் தோட்டக்காரர்தான் கட்டிவிட வேண்டும். கிளையைக் கிடைமட்டமாக வளைத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு பூ வரும், நேராக விட்டால் உச்சியில் மட்டும்தான்.

குன்னூர் சிம்ஸ் பூங்கா (1874) என் வீட்டுக்குப் பக்கம். காலையில் திறந்தவுடன் போனால் காற்றே இருக்காது. கொடிப்பூ எடுக்கக் காற்று இல்லாமை முதல் வசதி.

மூலனூர்க்காரன்

எங்கள் பக்கம் வந்தால் செங்காந்தளைக் காடு காடாகப் பார்க்கலாம். மாநில மலர் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் விவசாயி வாயில் அது கண்வலிக் கிழங்குதான். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் விதைக்காகப் பயிர் செய்கிறோம். ஆடியில் கிழங்கு ஊன்றினால் ஆவணியில் பூ தொடங்கும், ஐப்பசி வரை பூத்துக்கொண்டே இருக்கும். தையில் காய் முற்றும்.

இந்தக் கொடி ஏறுகிற விதம் தனி. இலையின் நுனியே நீண்டு சுருண்டு பற்றிக்கொள்ளும். வேறு சுருள் கிடையாது. ஏறுவதற்கு விராலி மாறு நடுவோம், கிளுவை வேலியும் உண்டு, இப்போது கம்பிப் பந்தல்தான் அதிகம்.

பூவைப் பற்றிச் சொல்கிறேன், படம் எடுப்பவர்களுக்கு உதவும். விரியும்போது இதழ் பச்சை கலந்த மஞ்சள். பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக மாறும். கடைசியில் முழுச் சிவப்பு. ஆறு இதழும் மேலே பார்த்து மடங்கி நிற்கும். ஆறு மகரந்தத் தாளும் சக்கரக் கம்பி போல வெளியே விரியும். சூல்தண்டு மட்டும் அடியிலேயே சட்டென்று ஒரு பக்கமாக மடங்கி, மகரந்தத்தைவிட்டு விலகிப் படுத்திருக்கும். அதனால் தன் மகரந்தம் தன் சூல்முடியில் படுவது குறைவு. காய் பிடிக்க வேண்டுமென்றால் நாங்கள்தான் கையால் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றுக்குள் அந்த வேலை. பெண்கள் வரிசையாக ஒவ்வொரு பூவாகத் தொட்டுக்கொண்டே போவார்கள். அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டு வந்தால் பூவும் கிடைக்கும், வேலையும் கிடைக்கும் உங்கள் படத்துக்கு.

இரண்டு வேண்டுகோள். காட்டுக்குள் இறங்குமுன் கேளுங்கள். கொடி ஒடியக்கூடியது, கால் பட்டால் அந்தக் கொடியின் விளைச்சல் போனது போனதுதான். இன்னொன்று, கிழங்கு, விதை, இலை எல்லாமே விஷம். கால்சிசின் என்ற மருந்துப் பொருளை இதிலிருந்து எடுக்கிறார்கள், மருந்தாகும் அளவும் உயிரை எடுக்கும் அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கையைக் கழுவாமல் எதையும் தின்ன வேண்டாம், குழந்தைகளைக் கூட்டி வந்தால் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தல்நிழல் (கோவை)

மூலனூர்க்காரரே, மிக்க நன்றி. சூல்தண்டு மடங்கி இருப்பதைப் பக்கவாட்டிலிருந்து எடுத்தால்தான் தெரியும். மேலிருந்து எடுத்த படங்கள்தான் எங்கும் கிடக்கின்றன, அவற்றில் வெறும் தீச்சுடர் மட்டும்தான் இருக்கிறது.

பயிர் செய்யாத காட்டுச் செங்காந்தள் மழை விழுந்தபின் கள்ளி வேலிகளிலும் கரடுகளிலும் தானாக எழுந்து வரும். கார்த்திகைப் பூ என்று பெயர் வந்ததே அதனால்தான். தொண்டாமுத்தூர் பக்கம் போகிறவர்கள் அந்த மாதம் வேலியோரம் பார்த்துக்கொண்டே போங்கள்.

கண்ணாடிவில்லை (திருச்சி)

ஓய்வு பெற்ற ஆசிரியன் நான், பூப்படம் எடுப்பது நெடுநாள் பழக்கம். செங்காந்தள் என்ற பேச்சு வந்ததால் சிவப்பு பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கேமராவுக்கு மிகவும் கஷ்டமான நிறம் நல்ல சிவப்பு. படம் முழுவதும் சரியான வெளிச்சத்தில் இருப்பதாகக் கேமரா நினைக்கும், ஆனால் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிடும். இதழின் மடிப்பு, நரம்பு, அலையலையான ஓரம் எல்லாம் போய் ஒரே சிவப்பு அப்பல் மிஞ்சும். பின்னால் கணினியில் எவ்வளவு இழுத்தாலும் திரும்ப வராது. எக்ஸ்போஷரை (கேமரா வாங்கும் வெளிச்ச அளவை) முக்கால் ஸ்டாப் அல்லது ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள். கைபேசியில் பூவின் மேல் விரலால் தொட்டு, வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். திரையில் கொஞ்சம் இருட்டாகத் தெரியும், பரவாயில்லை. மடிப்பு கண்ணுக்குத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

நேர் வெயில் வேண்டாம். வெள்ளைத் துணிக் குடை ஒன்றை விரித்து வெயிலுக்கும் பூவுக்கும் நடுவில் பிடிக்கச் சொல்லுங்கள். நிழல் மெதுவாகி நிறம் தன் இடத்துக்கு வந்துவிடும்.

கொடி ஆடும். ஷட்டர் வேகம் மெல்லிய காற்றுக்கு 1/250 நொடி, கொஞ்சம் வீசினால் 1/500. மிக அருகில் எடுக்கும்போது லென்ஸ் துளையைச் சிறிதாக்கி எஃப் 8, எஃப் 11 வைத்தாலும் கூர்மை சில மில்லிமீட்டர்தான் கிடைக்கும். ஆகவே எதைக் கூர்மையாக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். செங்காந்தளில் நான் மகரந்தப்பையைத்தான் தேர்ந்தெடுப்பேன். தாள் நுனியில் அது பட்டும் படாமலும் நின்று லேசாக ஊசலாடும்.

பின்னணிக்குத் துணி எதுவும் தேவையில்லை. ஓரடி இடமோ வலமோ நகர்ந்தால் பூவுக்குப் பின்னால் மரநிழல் வந்து நிற்கும். வெளிச்சத்தில் பூ, இருட்டில் பின்னணி. அவ்வளவுதான்.

தொங்கும் பூக்களுக்கு ஒரு வழி: கைபேசியைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் கீழே வந்துவிடும், தரையோடு தரையாக வைத்து அண்ணாந்து எடுக்கலாம். கவிழ்ந்த பூவின் முகம் அப்போதுதான் தெரியும்.

பெரிய கேமரா கொண்டு போகிறவர்கள் கவனிக்க: பல பூங்காக்களில் கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு, முக்காலிக்கு அனுமதி கேட்க வேண்டியிருக்கும். வாசலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

ஹாஸ்டல்மாடி

ஐயா, அருமையான குறிப்புகள். நான் கல்லூரி மாணவி, சென்னை. கைபேசி மட்டும்தான் இருக்கிறது. ஊட்டி, மூலனூர் எல்லாம் இப்போதைக்கு முடியாது. செம்மொழிப் பூங்காவுக்கு மட்டும் போயிருக்கிறேன். எங்களைப் போன்றவர்கள் கொடிப்பூவுக்கு எங்கே போவது?

வீட்டுப்பந்தல் (மதுரை)

தங்கச்சி, காய்கறிப் பந்தலுக்குப் போ. கேலிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே சொல்கிறேன். ஊருக்குப் போகும்போது யார் வீட்டுக் கொல்லையிலாவது புடலை, பீர்க்கு, சுரை இருக்கும். அந்தப் பூக்களை யாரும் பூவென்றே பார்ப்பதில்லை.

புடலைப் பூவை இருட்டும் நேரத்தில் பார். வெள்ளை இதழின் ஓரம் முழுக்க நூல் நூலாகப் பிரிந்து, சுருண்டும் விரிந்தும் நிற்கும். மொட்டாக இருக்கும்போது அந்த நூலெல்லாம் உள்ளே மடங்கியிருக்கும். விரிய விரிய ஒவ்வொன்றாக அவிழும். பொறுமையாக நின்றால் அவிழ்வது கண்ணுக்கே தெரியும். காலையில் வெயில் ஏறும்போது எல்லாம் சுருங்கிவிடும். இவ்வளவு நுணுக்கமான பூ எந்தக் கண்காட்சித் தொட்டியிலும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஒரே பந்தலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. பூசணி விடிவதற்கு முன்பே விரிந்து உச்சிக்குள் மூடிவிடும். பாகல் விடிகாலை. பீர்க்கங்காயின் மஞ்சள் பூ சாயங்காலம். ஆனால் அதே இனத்து நுரைப்பீர்க்கின் பூ அதிகாலை! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படர விட்டால் ஒன்று மூடும்போது இன்னொன்று திறக்கும். சுரைப்பூ வெள்ளை, அதுவும் மாலைதான். வெள்ளையும் வெளிர்நிறமும் அந்திக்கு, ஏனென்றால் இருட்டில் வரும் பூச்சிக்கு அதுதான் தெரியும்.

இருட்டும்போது எடுக்க ஃபிளாஷ் போடாதே, பூ தட்டையாகிவிடும். ஒரு டார்ச் விளக்கின் முகத்தில் டிஷ்யூ தாளைச் சுற்றிப் பக்கவாட்டிலிருந்து காட்டினால் போதும்.

ஏடும்பூவும் (தஞ்சாவூர்)

வீட்டுப்பந்தல் சொன்னதும் நெடுநல்வாடை நினைவுக்கு வந்தது. மழை மூடிய நாள், பொழுது போவதே தெரியவில்லை. ஊரிலுள்ள பெண்கள் பறித்து வைத்த பித்திக மொட்டு அவிழ்ந்து மணப்பதை வைத்து மாலை வந்ததென்று தெரிந்து விளக்கேற்றுகிறார்கள். பித்திகம் நம் பிச்சிப்பூ. இன்றைக்கும் பிச்சி மொட்டை வாங்கி வந்து வைத்தால் அதே நேரத்துக்குத்தான் அவிழ்கிறது. யார் வேண்டுமானாலும் வீட்டில் பார்க்கலாம். பிச்சி மொட்டின் வெளிப்பக்கத்தில் ஓடும் இளஞ்சிவப்புத் தீற்றல் படத்துக்கு மிக நன்றாக இருக்கும். விரிந்த பிறகு அது பின்னால் மறைந்துவிடும்.

ஹாஸ்டல்மாடி

வீட்டுப்பந்தல் அண்ணா, நன்றி. இந்த வார இறுதியில் பாட்டி ஊருக்குப் போகிறேன், புடலைப் பந்தல் இருக்கிறது.

சோலைக்காவல் (கோத்தகிரி)

எல்லோரும் ரசித்து எழுதுவதைப் படிக்க மகிழ்ச்சி. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீலகிரியில் சாலையோரம் முழுக்க நீலமும் ஊதாவுமாகப் பூத்துக் கிடக்கும் மார்னிங் குளோரி, நீண்ட குழலோடு இளஞ்சிவப்பாகத் தொங்கும் தென்னமெரிக்க பாஷன் கொடி இரண்டும் வெளியிலிருந்து வந்தவை. சோலைக்காட்டு ஓரத்தில் ஏறிவிட்டால் மரத்தின் தலையையே மூடிவிடும். கீழே இருக்கும் கன்றுகளுக்கு வெளிச்சம் போகாது. சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துப் போட்டு, "எங்கள் வீட்டில் நட ஒரு துண்டு கிடைக்குமா" என்று கேட்கிறார்கள். சிலர் பறித்துக்கொண்டும் போகிறார்கள். படம் எடுங்கள், தடுக்கவில்லை. படத்தோடு இதையும் எழுதுங்கள் என்று கேட்கிறேன்.

கண்ணாடிவில்லை (திருச்சி)

பாஷன் பூக்கள் பலவற்றின் நடுவில் இருக்கும் இழை வளையத்தைப் போல ஒரு அமைப்பை வேறு பூவில் பார்க்க முடியாது. அதைப் படம் எடுக்காமல் இருக்க என்னால் முடியாது. பூவின் அழகுக்கும் அது செய்யும் கெடுதலுக்கும் சம்பந்தமில்லை என்றே எனக்குப் படுகிறது.

சோலைக்காவல் (கோத்தகிரி)

ஐயா, எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு பேர் பார்க்கும் படத்தில் பெயரும் பிறப்பிடமும் இருந்தால் அதை நடலாமா என்று ஒருவராவது யோசிப்பார். அழகான கொடி என்பதால்தான் அது மலைக்கே வந்து சேர்ந்தது. தோட்டத்துக்கென்று கொண்டுவந்ததுதான் காட்டுக்குள் போனது. ஆகவே அழகையும் கெடுதலையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நட விரும்புகிறவர்களுக்கு நம் மலையின் கொடியே இருக்கிறது: தன்பெர்ஜியா மைசோரென்சிஸ். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரியது. உயரமான பந்தலில் ஏற்றினால் சரம் சரமாகத் தொங்கும், மூன்றடி வரைகூட. பூவின் வாய் மஞ்சள், ஓரம் அரக்குச் சிவப்பு. குளிர்காலத்தில் தொடங்கி வேனில் வரை பூக்கும். தேன்சிட்டு சரத்தைப் பிடித்துக்கொண்டே பூவுக்குள் தலையை விட்டுக் குடிக்கும். அலகு போகும் உயரத்தில் மகரந்தப்பை கூரை மாதிரி மேலே இருப்பதால் நெற்றியில் மகரந்தம் ஒட்டும். அந்த மஞ்சள் நெற்றியோடு குருவி கிடைத்தால் அதுதான் படம்.

பந்தல்நிழல் (கோவை)

சோலைக்காவல் சொல்வது சரி. இனி நான் பதிவிடும் ஒவ்வொரு கொடிக்கும் பிறப்பிடம் எழுதுகிறேன். அந்தக் கணக்கில் என் ரங்கூன் மல்லி ஆசியாவின் வெப்பப் பகுதிக் கொடி. காகிதப்பூ, கொடி ரோஸ் (ஆன்டிகோனன், இது ரோஜா இனம் அல்ல), பூண்டுக்கொடி எல்லாம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. சங்குப்பூவும் முல்லையும் மனோரஞ்சிதமும் நம் பக்கத்தவை.

மனோரஞ்சிதம் வைத்திருப்பவர்கள் பூக்காம்பைக் கவனித்திருக்கிறீர்களா? தூண்டில் முள் மாதிரி வளைந்த தடித்த கொக்கி. பூவைத் தாங்குவதும் அதுதான், கொடியை மேலே மாட்டி நிறுத்துவதும் அதுதான். பச்சைப் பூ இலையோடு இலையாக இருக்கும், கண்ணில் படாது. மஞ்சளாகும்போது மணம் வந்து காட்டிக்கொடுக்கும்.

ஹாஸ்டல்மாடி

பாட்டி வீட்டிலிருந்து எழுதுகிறேன். புடலைப்பூ விரிவதை முழுதாகப் பார்த்தேன்! வீட்டுப்பந்தல் அண்ணா சொன்னபடி டார்ச்சில் டிஷ்யூ சுற்றிப் பக்கத்திலிருந்து பிடித்தேன். பாட்டியும் வந்து நின்று பார்த்தார்கள். இத்தனை வருஷமாகக் காய் பறித்தும் பூவை நின்று பார்த்ததில்லையாம்.

இன்னொரு சந்தேகம். அதே பந்தலில் புடலையின் சுருள் பற்றி இருக்கும் இடத்தில், ஒரு பாதி ஒரு பக்கமும் மறுபாதி எதிர்ப்பக்கமும் சுற்றியிருக்கிறது. நடுவில் சின்ன நேர்த்துண்டு. எல்லாச் சுருளிலும் அப்படியே இருக்கிறது. ஏன்?

கண்ணாடிவில்லை (திருச்சி)

மிக நல்ல கேள்வி அம்மா. சுருளின் நுனி கம்பியைப் பிடித்துவிட்டது, அடி கொடியோடு ஒட்டியிருக்கிறது. இரண்டு முனையும் கட்டுப்பட்ட பிறகுதான் நடுப்பகுதி சுருள ஆரம்பிக்கிறது. இரு முனையும் திரும்ப முடியாதபோது ஒரே திசையில் சுற்றினால் இழையே முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். ஆகவே பாதி வலம், பாதி இடம்; இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடும். ஒரு கயிற்றை இருபுறமும் பிடித்து யோசித்துப் பார்த்தால் புரியும். 1865இல் கொடிகளைப் பற்றி நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதிய டார்வின் இதை விரிவாகப் பேசியிருக்கிறார். இப்படிச் சுருண்டதால்தான் காற்று அடித்தாலும் கொடி அறுவதில்லை, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும்.

எதையும் பற்றாத சுருளையும் தேடிப் பார். அது ஒரே பக்கமாகத்தான் சுருண்டிருக்கும்.

இன்னொரு வேலையும் செய்யலாம். கைபேசியை அசையாமல் வைத்து டைம்லாப்ஸ் போடு, அரை நிமிடத்துக்கு ஒரு படம். அவரை, சங்குப்பூ போன்ற சுற்றுக்கொடியின் தளிர்நுனி காற்றே இல்லாமல் வட்டமடிக்கும். சில மணி நேரத்தில் ஒரு சுற்று. எதிரே கொம்பு தட்டுப்படும் வரை அந்தச் சுற்று நிற்பதில்லை.

வடமராட்சி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். சுற்றும் திசை பற்றிய பேச்சில் ஒன்று சேர்க்கலாம். எங்களிடம் இராசவள்ளிக் கிழங்கு வீட்டுக்கு வீடு உண்டு. அதன் கொடி பெரும்பாலான கொடிகளைப் போல வலப்பக்கமாகச் சுற்றி ஏறும். ஆனால் சிறுவள்ளி இடப்பக்கமாகச் சுற்றும். இரண்டும் ஒரே பேரினம். இலையைப் பார்க்காமல், பூவைப் பார்க்காமல், கம்பில் சுற்றிய விதத்தை மட்டும் பார்த்துப் பிரித்துச் சொல்லலாம். கொடியைக் கையால் எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டாலும் புதிதாக வளரும் நுனி தன் பக்கமே திரும்பிக்கொள்ளும். படம் எடுக்கிறவர்கள் தயவு செய்து கணினியில் படத்தை இடம் வலமாகப் புரட்டாதீர்கள். கொடி வேறாகிவிடும்.

மலைப்பாதை (குன்னூர்)

புரட்டக்கூடாது என்பது நல்ல குறிப்பு. அழகுக்காகப் பலர் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஒரு அடையாளம் தெரிய வேண்டும். பெங்களூரில் உறவினர் வீட்டு வளைவில், போன பிப்ரவரியில் பார்த்தது. ஊதா நட்சத்திரம் போல ஐந்து இதழ், நடுவில் அதைவிட அடர்ந்த ஊதாவில் சின்னப் பூ இன்னொன்று. கீழே கொட்டிக் கிடந்தது நடுப்பூ மட்டும்தான். நட்சத்திரம் கொடியிலேயே இருந்தது. படம் இணைத்திருக்கிறேன்.

வீட்டுப்பந்தல் (மதுரை)

பெட்ரியா. நீங்கள் இதழ் என்று நினைப்பது புல்லி இதழ். உள்ளே இருக்கும் அடர்ஊதாதான் பூ, அது சில நாளில் உதிர்ந்துவிடும். நட்சத்திரம் வாரக்கணக்கில் நிற்கும், மெல்ல வெளிறிச் சாம்பலாகும். உறுதி செய்ய இலையைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும்.

காகிதப்பூவிலும் இதே கதைதான். நிறமாக இருப்பது மூன்று இலைச்செதில், உள்ளே குச்சி மாதிரி நிற்கும் வெளிர்மஞ்சள் குழல்தான் பூ. ஒரு செதிலுக்கு ஒன்று. கோடையில் மற்றதெல்லாம் காய்ந்து கிடக்கும்போது அது மட்டும் கொழிப்பதால், மார்ச்சிலிருந்து மே வரை சமவெளிக்காரர்களுக்கு அதுதான் பாடம். தண்ணீர் குறைந்தால் பூ கூடும்.

மலைப்பாதை (குன்னூர்)

இப்போதுதான் தொலைபேசியில் கேட்டேன். சொரசொரப்பாக இருக்கிறதாம், பெட்ரியாவேதான். வரும் பிப்ரவரியில் உதிர்வதற்கு முன்னால் ஒரு படமும் பின்னால் ஒரு படமும் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.

பந்தல்நிழல் (கோவை)

அருமை. இந்த ஐப்பசிக்குள் மூலனூர் போகலாமா என்று நாங்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். மூலனூர்க்காரரே, மகரந்தம் தொடும் வேலை நடக்கும் நாளாகப் பார்த்துச் சொல்வீர்களா? விடியற்காலையில் கிளம்பி எட்டு மணிக்குள் வந்துவிடுவோம். வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் வரப்பிலேயே நிற்கிறோம்.

மூலனூர்க்காரன்

தாராளமாக வாங்க. புரட்டாசி கடைசியில் வந்தால் மஞ்சள், பாதிச் சிவப்பு, முழுச் சிவப்பு மூன்றும் ஒரே கொடியில் இருக்கும், அடிக்கொடியில் பிஞ்சும் பிடித்திருக்கும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் வேலை கொஞ்சம் தாமதமாகத் தொடங்கும், அதனால் கிளம்புமுன் ஒரு செய்தி அனுப்புங்கள். குடிக்கத் தண்ணீரும் மோரும் இங்கே இருக்கிறது. வெள்ளைக் குடையை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள், எங்கள் காட்டில் மர நிழலே கிடையாது.